மேய்க்கால் என்றால் மேற்கு அல்ல

முதலில் மன்னித்துவிடுங்கள். எழுதுகிற ஆள் நான் இல்லை. பத்தாவதோடு படிப்பு நின்றது. டைப்ரைட்டிங் கற்றுக்கொண்டேன். அதற்குப் பிறகு இத்தனை வருடமும் அடுத்தவர்கள் எழுதிக் கொடுத்ததை அடித்துக் கொடுத்தே காலம் போயிற்று. கல்யாணப் பத்திரிகை, காதுகுத்து பேனர், கண்ணீர் அஞ்சலி, தண்ணீர் லாரி நோட்டீஸ் என்று எத்தனையோ அடித்திருக்கிறேன். அவற்றில் என் சொந்த வரி என்று ஒன்றுகூட இல்லை. நாலு பேர் கூடி நின்றால் எனக்குப் பேச்சும் வராது. கடையில் வாடிக்கையாளர் ஏதாவது கேட்டால்கூடத் திரையைப் பார்த்துக்கொண்டுதான் பதில் சொல்வேன். அப்படிப்பட்டவள் உங்களுக்குப் புத்தி சொல்ல வந்துவிட்டாள் என்று நினைக்காதீர்கள்.

கண் ஒத்துழைக்காமல் போய் நான் வேலையை விட்டபோது, முதலாளி பாஸ்கர்தான் கேட்டார். "அக்கா, புதுசா வந்திருக்கிற பசங்களுக்கு நாலு விஷயம் எழுதிக் குடுத்துட்டுப் போங்க." எந்த எழுத்துரு, எந்த அளவு, எந்தக் கலர் பிரிண்டில் மங்கும் என்பதெல்லாம் என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். அதில் நான் சொல்ல ஒன்றுமில்லை. எனக்கு ஒரு விஷயத்தில் இன்னும் கோபம் ஆறவில்லை. அதை மட்டும் எழுதுகிறேன்.

நம் கடை வேப்பம்பட்டு ஸ்டேஷன் ரோட்டில் இருப்பதால் வருகிற வேலையில் பாதி மனை விற்கிறவர்களுடையது. நான் கோவில்பதாகையில் இருந்து ஆவடிக்கு வந்து ரயில் ஏறுவேன். ஜன்னலோரம் இடம் கிடைத்தால் போர்டு படித்துக்கொண்டே வருவேன். ஒரு போர்டில் கார்டன் என்று இருக்கும், அங்கே செடி இருக்காது. அடுத்ததில் ஆர்ச்சர்ட் என்று இருக்கும், மரம் இருக்காது. இன்னொன்றில் ஃபார்ம்ஸ் என்று இருக்கும், வெள்ளை அடித்த கற்கள் வரிசையாக நட்டிருக்கும். கல் விளைகிற ஃபார்ம்.

நம் பக்கத்தில் நிலத்துக்குச் சொற்கள் குறைவா என்ன? ஏரித் தண்ணீர் பாய்ந்து நெல் விளைந்தால் கழனி. மழையை நம்பி வேர்க்கடலையோ கேழ்வரகோ போட்டால் கொல்லை. கிணற்றுத் தண்ணீர் இறைத்துக் கத்தரி, வெண்டை வைத்தால் தோட்டம். மா நின்றால் மாந்தோப்பு, தென்னை நின்றால் தென்னந்தோப்பு. நெல் அடிக்கிற இடம் களம். சொல்லைக் கேட்டாலே அங்கே என்ன நடக்கிறது என்று தெரிந்துவிடும். போர்டில் எழுதுகிற சொல்லைக் கேட்டால், அங்கே என்ன நடக்கவில்லை என்பதுதான் தெரிகிறது.

இந்த எரிச்சல் எனக்கு ரொம்ப நாளாக உண்டு. ஆனால் எரிச்சலோடு அடித்துக் கொடுத்துவிடுவேன். சம்பளம் வாங்குகிற வேலை. எந்தக் கம்பெனி என்ன பேர் வைத்துக்கொண்டால் நமக்கென்ன என்று இருந்தேன். ராஞ்ச் வருகிற வரைக்கும்.

ஒரு கம்பெனி, பேர் வேண்டாம், ஏரிக்கு அந்தப் பக்கம் கொஞ்சம் கழனியை வாங்கியது. அம்பத்தூரிலும் போரூரிலும் ஐ.டி. வேலை பார்க்கிறவர்கள் சனி ஞாயிறு குடும்பத்தோடு வந்து தங்குவதற்கு மரவீடுகள் கட்டி விற்கப் போகிறார்கள். அதற்கு ராஞ்ச் என்று பெயர். தொப்பி போட்ட ஒருவன் குதிரை மேல் உட்கார்ந்து கயிறு சுழற்றுகிற படம்தான் அவர்கள் சின்னம். வேப்பம்பட்டில் அந்தத் தொப்பியோடு ஒருத்தன் இறங்கினால் தெரு நாய் சும்மா விடாது என்று பாஸ்கர் சிரித்தார்.

கம்பெனி முதலாளி நகரத்தில் இருந்தார். நான் அவரைப் பார்த்ததே இல்லை, போனில் குரல்தான் கேட்டிருக்கிறேன். நம் கடைக்கு வந்து போனவர் அவர்களுடைய சைட் மேனேஜர் பேச்சிமுத்து. திருநெல்வேலிப் பக்கம் ஊர். நாற்பது வயது இருக்கும். பைக்கில் வருவார், வந்ததும் தண்ணீர் கேட்பார், யாரையும் அதட்ட மாட்டார். "எக்கா, சாப்ட்டாச்சா?" என்று கேட்டுவிட்டுத்தான் வேலையைச் சொல்வார். அவர் நல்ல மனிதர். இதை இப்போதே சொல்லிவிடுகிறேன், பின்னால் அவர் மேல் உங்களுக்குக் கோபம் வரக்கூடாது.

முதலில் நோட்டீஸ் வேலை வந்தது. இங்கிலீஷில் எழுதி, போனிலேயே தமிழாக்கி அனுப்பியிருந்தார்கள். முதல் வரி இது: "பண்ணை வாழ்க்கை உங்களை அழைக்கிறது!"

எனக்குக் கை நின்றுவிட்டது.

எங்கள் தாத்தா பூந்தமல்லிக்கு அந்தப் பக்கம் ஒரு பண்ணையில் ஆளாக இருந்தவர். பண்ணையாள் என்றால் என்னவென்று உங்களில் சிலருக்குத் தெரியும், உங்கள் வீட்டிலும் இருந்திருப்பார்கள். ஆண்டை வீட்டுக் கொல்லைப்புறத்தில் நின்று கூழ் வாங்கிக் குடித்தவர். எங்கள் அப்பா அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் ஓட்டப் போனபோது, அந்த வார்த்தையை வாசலுக்கு வெளியே விட்டுவிட்டுத்தான் உள்ளே வந்தார். அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் பண்ணை என்று யாரும் சொல்ல மாட்டோம். கோழிப்பண்ணையைக்கூட அப்பா "கோழி ஷெட்டு" என்றுதான் சொல்வார். அவரைத் திருத்த யாருக்கும் மனசு வராது.

அந்த வாழ்க்கை இப்போது நோட்டீஸில் அழைக்கிறது, ஆச்சரியக் குறியோடு. அழைக்கிறவருக்குப் பண்ணை என்றால் பண்ணை வீடு, ஊஞ்சல், இளநீர். அந்த வீட்டுக் கதவுக்கு வெளியே நின்றவர்களுக்கும் அதே சொல்தான் என்பது அவருக்குத் தெரியாது. தெரியாதது அவர் தப்பில்லை என்று நீங்கள் சொல்லலாம். விற்கிற சரக்கின் பேர் என்ன என்று விற்கிறவன் ஒருத்தரையாவது கேட்டிருக்க வேண்டாமா என்றுதான் நான் சொல்கிறேன்.

வாய்விட்டுச் சொல்லக் கூச்சம். "தோட்ட வாழ்க்கை உங்களை அழைக்கிறது" என்று மாற்றி அடித்து அனுப்பினேன். பாஸ்கர் கவனிக்கவில்லை. கம்பெனி முதலாளி கவனித்தார். பாஸ்கர் போனை ஸ்பீக்கரில் போட்டதால் அவர் சொன்னது எனக்கும் கேட்டது.

"தோட்டம் யாருங்க கேட்டாங்க? தோட்டம்னா ஏதோ கீரை விக்கிற மாதிரி இருக்கு. பண்ணைன்னாதாங்க ஒரு கெத்து. மாத்துங்க."

மாற்றினேன். கெத்து யாருக்கு என்று கேட்க நினைத்தேன், கேட்கவில்லை. அன்று ரயிலில் திருநின்றவூர் போனதும் தெரியவில்லை, ஆவடி வந்ததும் தெரியவில்லை, மனசுக்குள் அவரோடு சண்டை போட்டுக்கொண்டே வந்தேன். மனசுக்குள் என்றால் நான் நன்றாகப் பேசுவேன்.

அடுத்து வரைபடம் வந்தது. ராஞ்சின் உள்ளே எங்கெங்கே என்ன இருக்கும் என்று காட்டுகிற பெரிய படம். நுழைவாசலில் வைக்க வேண்டும். இடது பக்கம் மரவீடுகள், நடுவில் குளம், வலது பக்கம் பச்சையாக அகலமான ஒரு வெளி. அதன் மேல் எழுதச் சொன்ன பெயர் "வெஸ்ட் மெடோ", அதாவது மேற்குப் புல்வெளி.

படத்தின் மேல் மூலையில் வடக்கு என்று அம்புக்குறி இருந்தது. வடக்கு மேலே என்றால் வலது பக்கம் கிழக்கு. எட்டாம் வகுப்புப் பாடம்.

"பாஸ்கர், இது கிழக்குப் பக்கம்தானே? வெஸ்ட்னு போட்டிருக்காங்களே?"

"பேருதானேக்கா. அவங்க கொடுத்தது. வடக்கு மாட வீதின்னு ஒரு தெரு தெற்கால இருந்தா நாம போய்த் திருப்பி வைப்போமா?"

பக்கத்தில் உட்கார்ந்திருந்த பேச்சிமுத்துவும் சிரித்தார். "அது மேக்கால உள்ளவருக்குச் சேந்த எடம்க்கா. அவருட்டதான் நாங்க கழனி எல்லாம் வேங்கினோம். ஊர்லயே சொன்னாவ. அதான் சாரு வெஸ்ட்னு பேரு வச்சுட்டாரு."

எனக்குச் சரியாகப் புரியவில்லை. புரியாததை இரண்டாவது முறை கேட்கிற தைரியமும் இல்லை. அதோடு இன்னொரு சின்ன போர்டும் அடித்துக் கொடுத்தோம்: "ராஞ்ச். தனியார் இடம். ஆடு மாடு உள்ளே வரக்கூடாது." நம் கடை வழக்கப்படி வலது கீழ் மூலையில் கடைப் பெயரும் போன் நம்பரும் சின்ன எழுத்தில் போட்டேன். அந்த மூலையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

திறப்பு விழாவுக்கு முந்தின நாள் மதியம். வாசல் வளைவுக்கான பெரிய ஃப்ளெக்ஸ் மிஷினில் ஓடிக்கொண்டிருந்தது. வரைபடம் என் திரையில் கடைசித் திருத்தத்துக்காகத் திறந்திருந்தது. பேச்சிமுத்து அவசரப்படுத்தாமல், ஆனால் காலை ஆட்டிக்கொண்டே உட்கார்ந்திருந்தார். அப்போது ஒரு அம்மாள் படியேறி வந்தார். என் வயதுதான் இருக்கும், ஐம்பதுக்குப் பக்கம். புடவைத் தலைப்பை இடுப்பில் செருகியிருந்தார். ஏரிக்கரைத் தெருவில் மாடு வைத்துப் பால் ஊற்றுகிற கன்னியம்மா. எதிர் டீக்கடைக்கும் அவர் வீட்டுப் பால்தான் வரும்.

"போர்டுல மூலைல பேர் போட்டுகீதே, அந்தக் கட இதுதானா?"

பாஸ்கர் வேலை வந்திருக்கிறது என்று நினைத்து எழுந்தார். "ஆமாம்மா, வாங்க. இன்னா வேணும்?"

"என் மாட்டுக் காலு வேணும். குட்த்துடுறியா?"

பாஸ்கர் அப்படியே உட்கார்ந்தார்.

"முள்ளுக்கம்பி கட்டிகினு கீறானுங்க. பாதி கட்டி பாதி தரையில உட்டுட்டு பூட்டானுங்க. என் செவலைக்கு எலும்பு தெரியக் கிய்ச்சிகீது. இன்னாடான்னு கேட்டா வாட்சுமேன் போர்டைக் காட்றான். மாடு வரக்கூடாதாம். மாடு மேயற எடத்துல மாடு வராம, உன் மாமியாளா வந்து மேய்வா?"

பேச்சிமுத்து எழுந்து கையைக் கூப்பினார். "எக்கா, எக்கா, கொஞ்சம் பொறுங்க. மாட்டுக்கு நான் டாக்டர வரச் சொல்லுதேன். கம்பிய அப்படிப் போட்டது தப்புதான். ஆனா அது நாங்க வேங்குன எடம்க்கா."

"வாங்கினியா? யார்கிட்ட வாங்கினே?"

"மேக்கால உள்ளவருட்ட. நீங்கதானக்கா அன்னைக்குச் சொன்னீய? மாட்டப் புடிச்சுட்டு நின்னீய. இது யாரு எடம்னு நான் கேட்டம்லா? மேக்காலன்னு உங்க வாயாலதான சொன்னீய?"

"ஆமா சொன்னேன். மேய்க்கால்னு சொன்னேன். இப்பவும் சொல்றேன், நாளைக்கும் சொல்லுவேன். அது மேய்க்காலு!"

"அதத்தான நானும் சொல்லுதேன்? மேக்கால!"

"அதத்தான்யா நானும் சொல்றேன்!"

இரண்டு பேரும் ஒரே சொல்லைச் சொல்லிச் சண்டை போடுகிறார்கள். பாஸ்கர் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தார். எனக்குத் திரையில் வலது பக்கத்துப் பச்சை வெளியும் அதன் மேலிருந்த வெஸ்ட் என்ற எழுத்தும் தெரிந்தன. அப்போதுதான் ஏதோ உறைத்தது. திரும்பிப் பார்க்காமலே கேட்டேன்.

"பேச்சிமுத்து, உங்க ஊர்ல மேக்காலன்னா என்ன?"

"மேற்க. மேக்காலத் தெரு, கிழக்காலத் தெருன்னு சொல்லுவோம்லா."

"கன்னியம்மா, நீங்க சொன்னது?"

"மேய்க்கால்னா மேயற எடம்மா. ஊரு மாடு மேயறதுக்குன்னு உட்டு வெச்ச எடம். எவனுக்கும் பட்டா கெடையாது. எங்க மாமனார் மாடு ஓட்டிகினு போனாரு, நான் ஓட்டிகினு போறேன். இதுல மேற்கு இன்னா, கெழக்கு இன்னா? சூரியனே அங்கதான்யா மொளைக்குது!"

அந்த நொடியில் பேச்சிமுத்துவின் முகம் இன்னும் என் கண்ணில் இருக்கிறது. "யாருடைய இடம்?" என்று கேட்டிருக்கிறார். "மேய்க்கால்" என்று பதில் வந்திருக்கிறது. மேற்கே இருப்பவருடையது என்று அவர் காதில் விழுந்திருக்கிறது. மேற்கே இருந்தவரிடம்தான் கழனியை வாங்கியிருந்தார்கள். எனவே இதுவும் நம்முடையது என்று கம்பெனிக்குச் சொல்லியிருக்கிறார். கம்பெனியும் மேற்கொண்டு ஒரு வார்த்தை விசாரிக்கவில்லை. ஓசியில் நிலம் கிடைக்கும்போது யார் விசாரிப்பார்கள்?

அவர் மெதுவாக உட்கார்ந்து, "எங்க வீட்லயும் மாடு உண்டுக்கா" என்று மட்டும் சொன்னார். யாரிடம் சொன்னார் என்று தெரியவில்லை.

பாஸ்கர் போனை எடுத்துத் தேடிக்கொண்டிருந்தார். "இந்த ராஞ்ச்னா என்னன்னு இப்பத்தான் பாக்கறேன். பெரிய அளவுல மாடு, குதிரை எல்லாம் மேய்க்கிற இடமாம்."

கன்னியம்மா அவரை உற்றுப் பார்த்தார். "அப்ப ரேஞ்சுன்னாலும் மேய்க்கால்தானா?"

"அப்படித்தான் வருது."

"நல்லா கீதுடா நைனா! எங்க எடத்துக்கு எங்க பேரையே இங்கிலீசுல வெச்சிகினு, எங்க மாட்ட வெளிய போன்னு சொல்றீங்களா?"

இதைவிடச் சரியாக எந்த அகராதியும் சொல்லாது என்று தோன்றியது. ஒரே ஒரு வித்தியாசம் உண்டு. ராஞ்சுக்கு ஒரு முதலாளி இருப்பான். மேய்க்காலுக்கு இருக்க மாட்டான். அந்த ஒரு வித்தியாசத்தைத்தான் முள்கம்பி வைத்து எடுக்கப் பார்த்தார்கள்.

பேச்சிமுத்து கம்பெனி முதலாளிக்குப் போன் போட்டார். எங்களுக்கும் கேட்கட்டும் என்று அவரே ஸ்பீக்கரை அழுத்தினார். அதற்கு ஒரு துணிச்சல் வேண்டும்.

"சார், கிழக்க உள்ள எடத்துல ஒரு சின்னத் தப்பு நடந்துபோச்சு சார். அது மேக்கால இல்ல, மேய்க்கால். ஊர் மாடு மேய்க்கிற பொது எடமாம். நாந்தான் தப்பா வெளங்கிட்டேன்."

மிஷின் ஓடுகிற ஓசைக்கு நடுவே கம்பெனி முதலாளியின் குரல் வந்தது.

"அப்போ அது வெஸ்ட் இல்லையா?"

"இல்ல சார். ஈஸ்ட்டு."

"இதை முன்னாடியே சொல்றதில்லையா? சரி, ஈஸ்ட் மெடோன்னு கரெக்‌ஷன் போடச் சொல்லுங்க. காலைல கெஸ்ட் எல்லாம் வர்றாங்க. டைம் இல்ல, சீக்கிரம்."

"சார், பேரு இல்ல சார் பிரச்சனை, எடம்..."

அழைப்பு துண்டிக்கப்பட்டிருந்தது.

"இன்னா சொல்றாரு உங்க சாரு?" என்று கேட்டார் கன்னியம்மா. நான்தான் சொல்ல வேண்டியிருந்தது.

"மேற்குன்னு போட்டது தப்பாம். கிழக்குன்னு மாத்தச் சொல்றார்."

கன்னியம்மா சிரித்தார். அந்தச் சிரிப்பைக் கேட்காமலே இருந்திருக்கலாம்.

"அவன் தெசைய மாத்திடுவான். நான் மாட்ட எங்க மாத்தறது? வித்துட்டு இன்னா பண்றது? எந்த ஆபீஸ்ல என்னைக் கூப்ட்டு நாற்காலி போட்டு உக்கார வெப்பான்? நாளைக்கு அவன் கம்பி கட்டி முடிச்சான்னா என் பொழப்பு முடிஞ்சிது. போர்டுல இன்னா வேணா எய்திக்கோ."

பிள்ளைகளே, இந்த இடத்தில்தான் நீங்கள் கொஞ்சம் நிற்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். ஒரு தப்பைக் காட்டினால் எதைத் திருத்துகிறார்கள் என்று பாருங்கள். தப்பு நிலத்தில் இருந்தது. அவர்கள் எழுத்தைத் திருத்தச் சொன்னார்கள். எழுத்து சரியாகிவிட்டால் எல்லாம் சரியாகிவிட்டது போல ஆகிவிடும். ப்ரூஃப் பார்த்தாயிற்று, பிழை இல்லை, பிரிண்ட் கொடு என்று சொல்லிவிடலாம். அந்தத் திருத்தத்தை அவர் தன் கையால் போடப் போவதில்லை. என் கைதான் போட வேண்டும். என்னை வைத்துத்தான் அது நடக்கிறது. நான் வெறும் டைப் அடிப்பவள் என்று இத்தனை வருடம் நினைத்திருந்தேனே, அந்த வெறும் என்ற சொல் எவ்வளவு பேருக்கு வசதியாக இருந்திருக்கிறது!

"அக்கா, கரெக்‌ஷன் போட்டுடுங்க" என்றார் பாஸ்கர். குரலில் தெம்பு இல்லை.

"நான் போடலை."

"என்னக்கா?"

"நான் அடிக்கலை, பாஸ்கர்."

"அக்கா, இது நாம முடிவு பண்ற விஷயமா? நாம பிரிண்டு போடறவங்க. நாம இல்லைன்னா ஆவடியில போட்டுக்குவான். இவங்க வேலை போச்சுன்னா இந்த மிஷினுக்கு நான் எப்படி..." என்று நிறுத்தி, என்னைப் பார்க்காமல் மவுஸைத் தானே வாங்கினார். அவர் மேலும் எனக்குக் கோபம் வந்தது. ஆனால் அவர் பயமும் எனக்குத் தெரியும். கடன் வாங்கிக் கடை வைத்தவர்.

வெஸ்ட் என்ற எழுத்தை அழித்தார். கர்சரை வலது கீழ் மூலைக்கு நகர்த்தினார். அங்கே நம் கடைப் பெயர்.

"வேணும்னா ஒண்ணு பண்ணலாம். இதுல நம்ம கடைப் பேரை எடுத்துடலாம்."

"ஏன் எடுக்கணும்?"

அந்தக் கடையில் நான் அவ்வளவு சத்தமாகப் பேசியது அதுதான் முதல் தடவை. எனக்கே யாரோ பேசுவது போல இருந்தது. பேச்சிமுத்து நிமிர்ந்து பார்த்தார்.

"எல்லா போர்டுலயும் போடறோமே? காதுகுத்துக்குப் போடறோம், சாவுக்குப் போடறோம். இதுல மட்டும் ஏன் எடுக்கணும்? சொல்லு."

பாஸ்கரிடம் நான் அதுவரை நீ என்று பேசியதில்லை. அவர் மவுஸைப் பிடித்தபடியே இருந்தார். பதில் அவருக்குத் தெரிந்திருந்தது. தெரிந்ததால்தான் பேரை எடுக்கலாம் என்று சொன்னார். எனக்கும் தெரிந்தது, பேச்சிமுத்துவுக்கும் தெரிந்தது. பிறகு பாஸ்கர் அந்தக் கோப்பைச் சேமிக்காமல் மூடினார்.

பேச்சிமுத்து எழுந்தார். "சாருட்ட மிஷின் ரிப்பேர்னு சொல்லிருதேன். கம்பி கட்டுற ஆளுகளயும் நாளைக்கு அந்தப் பக்கம் விடல. இருக்கிற சின்ன போர்டையும் போற வழியில நானே புடுங்கிட்டுப் போறேன்."

"மிஷின் நல்லாத்தானே ஓடிகினு கீது?" என்று கேட்டார் கன்னியம்மா.

"ஓடுதுக்கா. அது நம்ம நாலு பேருக்குள்ள இருக்கட்டும்."

இதிலும் எனக்குக் கோபம்தான். நிலத்தை வளைக்கிறவன் நிமிர்ந்து பேசுகிறான். வளைக்காதே என்று சொல்வதற்கு நாங்கள் நாலு பேர் கூடி ஒரு பாவமும் அறியாத மிஷின் மேல் பழி போட வேண்டியிருக்கிறது. ஆனால் பேச்சிமுத்துவின் வேலையும் நாற்காலி நுனியில்தான் இருந்தது. அவரால் முடிந்த உண்மை அவ்வளவு.

அவர் போன பிறகும் கன்னியம்மா நின்றுகொண்டிருந்தார்.

"எனுக்கும் ஒரு போர்டு அடிச்சிக் குடும்மா. சும்மா வேணாம், பால் ஊத்திக் கயிச்சிக்கிறேன்."

"என்ன எழுதணும்?"

"மேய்க்காலுன்னு எய்து. பெர்சா. வேற ஒண்ணும் வேணாம்." படியிறங்கப் போனவர் திரும்பினார். "மூலைல உங்க கடப் பேரையும் போடு. அது இல்லாம போர்டு மாதிரியே இருக்காது."

நான் பாஸ்கரைப் பார்த்தேன். அவர் எழுந்து போய், ரிப்பேரான மிஷினில் மீதியிருந்த ஃப்ளெக்ஸை மாட்டினார்.

ஒரே ஒரு சொல். இத்தனை வருடத்தில் நான் அடித்ததிலேயே சின்ன வேலை அதுதான். யகர மெய்யின் மேல் புள்ளி சரியாக விழுந்திருக்கிறதா என்று மூன்று தடவை பார்த்தேன். அந்த எழுத்து காதில் விழாமல் போனதில்தான் இவ்வளவும் நடந்தது.

உங்களுக்குச் சொல்ல நினைத்தது இதுதான். நிலத்துக்கு ஒரு பெயர் அடிக்கச் சொன்னால், அங்கே என்ன நடக்கிறது என்று ஒரு வார்த்தை கேளுங்கள். கூச்சமாக இருந்தால் திரையைப் பார்த்துக்கொண்டே கேளுங்கள், நான் அப்படித்தான் கேட்டேன். புரியாவிட்டால் இரண்டாவது தடவையும் கேளுங்கள். எந்த வேலையை அடிக்கலாம், எதை அடிக்கக்கூடாது என்பதற்கு எனக்குப் பெரிய சட்டம் எதுவும் தெரியாது. அந்த வலது கீழ் மூலையைப் பாருங்கள். கடைப் பெயரை எடுத்துவிடலாம் என்று உங்களுக்கு எப்போது தோன்றுகிறதோ, அப்போது மவுஸை விட்டுக் கையை எடுங்கள்.

அந்த இடத்தைப் பிற்பாடு ஊர்க்காரர்கள் தாலுகா ஆபீஸில் கேட்டு அளக்க வைத்து, ஊர்ப் பொது இடம் என்று கல் நட்டார்கள். அதற்கு அவர்கள் அலைந்த அலைச்சல் அவர்கள் சொல்ல வேண்டிய கதை.

நான் அந்த போர்டை அடித்த மறுநாள் திறப்பு விழா நடந்தது. வரைபடம் இல்லை. வந்திருந்தவர்கள் கம்பி கட்டாத பக்கத்தில் இறங்கி, கன்னியம்மாவின் மாடுகளோடு நின்று போட்டோ எடுத்துக்கொண்டார்கள். செவலை கட்டுப் போட்ட காலோடு படுத்திருந்தது. நமக்கு அன்று ஒரு மஞ்சள்நீர் விழா பேனர் வந்தது, அடித்துக் கொடுத்தேன்.